ஸ்டெல்லன்போஷ் பண்ணை விடுதியில் நான்கு இரவுகள்: தங்குவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

வெள்ளாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கா செல்கிறேன். தம்பி ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை செய்கிறான். அவனைப் பார்த்துவிட்டு, கேப் டவுனுக்குச் சென்று, அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில், ஸ்டெல்லன்போஷுக்கும் ஃப்ரான்ஷூக்குக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு பழைய பண்ணை விடுதியில் நான்கு இரவுகள் தங்கலாம் என்று நினைத்திருக்கிறோம். டச்சுக்காரர் காலத்துப் பண்ணை அது. வெள்ளை அடித்த சுவர்கள், நாணல் வேய்ந்த கூரை, வாசல்வரை நீளும் ஓக் மரச்சாலை, பின்னால் மலை என்று படத்தைப் பார்த்தவுடனேயே அப்பாவுக்குப் பிடித்துவிட்டது.

அம்மா முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவர். விடுதியின் இணையப் பக்கத்தில் "எங்கள் வரலாறு" என்ற பகுதியை முழுவதும் படித்தார். நிலம் எந்த ஆண்டில் யாருக்கு வழங்கப்பட்டது, வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது, அடுத்தடுத்து எந்தக் குடும்பங்கள் வாங்கின, இப்போது எத்தனை வகைத் திராட்சை விளைகிறது என்பதெல்லாம் அதில் இருந்தன. படித்து முடித்துவிட்டு, "இத்தனை பெரிய தோட்டத்தில் யார் மண்வெட்டி பிடித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அங்கே போயிருப்பவர்களும், அந்த வரலாற்றைப் படித்தவர்களும் உதவினால் நன்றியுடையவனாக இருப்பேன். இப்படிப்பட்ட இடத்தில் பெற்றோரின் மணநாளைக் கொண்டாடுவது முறைதானா என்பதும் என் மனத்தில் இருக்கும் கேள்வி.

மச்சுவீடு எழுதியது:

நான் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் தொழிலில் இருப்பவன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் மூன்று வாரங்கள் சுற்றினேன். அதனால் உங்கள் கேள்வியின் முதற்பகுதிக்குக் கட்டடத்திலிருந்தே பதில் சொல்ல முயல்கிறேன்.

கேப் டவுனையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுருக்கமாகக் கேப் என்பார்கள். அங்கே கேப் டச்சு வீடு என்று சொல்லப்படும் வீடுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். நடுவில் முன்கூடம், அதன் பின்னால் பின்கூடம், இரு பக்கமும் அறைகள். செல்வம் கூடக்கூடப் பின்புறம் ஒரு சிறகு சேரும், பிறகு இன்னொன்று சேரும். மேலிருந்து பார்த்தால் அந்த வீடுகள் ரோமன் எழுத்துகளான டி, யூ, எச் ஆகியவற்றின் வடிவில் இருப்பதற்கு அதுவே காரணம். வாசலுக்கு நேர்மேலே கூரையைத் தாண்டி எழும் வளைவு நெளிவான முகப்புச் சுவர்தான் எல்லோரும் படம் எடுப்பது. அதில் பொறித்திருக்கும் ஆண்டு பெரும்பாலும் அந்த முகப்பு கட்டப்பட்ட ஆண்டு மட்டுமே, பண்ணை தொடங்கிய ஆண்டு அன்று. போஷன்டால் பண்ணையின் நிலம் 1685-இல் வழங்கப்பட்டது, ஆனால் இன்று நாம் காணும் பெரிய வீடு 1812-ஐச் சேர்ந்தது. பாபிலோன்ஸ்டோரன் பண்ணையின் நிலம் 1692-இல் வழங்கப்பட்டது, அதன் பெரிய வீடு 1777-இல் கட்டப்பட்டது.

சுவர்கள் இரண்டடிக் கனம் இருக்கும். உள்ளே களிமண்ணும் கல்லும் அரைகுறையாகச் சுட்ட செங்கல்லுமே இருப்பதால், மழை உள்ளே இறங்காமல் காப்பது மேற்பூச்சுச் சுண்ணாம்புதான். அந்தச் சுண்ணாம்பு கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைச் சுட்டுச் செய்தது. நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பேதான். ஆண்டுதோறும் வெள்ளை அடிக்காவிட்டால் வீடு கரைந்துவிடும். கூரைக்குக் கீழே பலகை மச்சு. அதன்மேல் களிமண்ணோ செங்கல்லோ பரப்பியிருப்பார்கள், நாணல் கூரை தீப்பிடித்து விழுந்தாலும் கீழே உள்ளவர்கள் தப்பி வெளியேற நேரம் கிடைக்கும் என்பதற்காக. நான் பார்த்த வீடுகளிலேயே என்னை மிகவும் கவர்ந்தது அந்த ஏற்பாடுதான்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கிளிஞ்சல் சுட்டவர்கள், மண் மிதித்தவர்கள், மச்சுப் பலகை இழைத்தவர்கள், கதவும் நாற்காலியும் செய்த தச்சர்கள் ஆகியோருள் மிகப் பலர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். கேப்பின் கைவினைத் தொழில்களில் ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் கை மிகுதி. முகப்பில் வீட்டுக்காரரின் பெயரெழுத்துகள் இருக்கும், கொத்தனாரின் பெயர் எந்த முகப்பிலும் இல்லை.

பழவேற்காடு எழுதியது:

மச்சுவீடு அவர்கள் "ஆசியாவிலிருந்து" என்று சொன்னதை நான் இன்னும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஆசியாவில் எங்கள் ஊரும் அடக்கம்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் கேப்பில் இறங்கியது. கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் தரும் ஒரு நிறுத்தமாகவே அதை முதலில் கருதினார்கள். 1658-இல் முதல் அடிமைக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. அதன்பின் 1808-இல் அடிமை இறக்குமதி நிற்கும்வரை ஏறத்தாழ 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இன்றைய இந்தோனேசியா, இந்தியத் துணைக்கண்டம் ஆகிய நான்கும் தோராயமாகக் கால் பங்கு வீதம் அவர்களுடைய பிறந்த மண்ணாக இருந்தன.

இந்தியக் கால்பங்கில் வங்காளம், மலபார், சோழமண்டலக் கடற்கரை ஆகிய மூன்றும் உண்டு. பழவேற்காட்டில் 1613 முதல் கெல்டிரியா கோட்டை டச்சுக்காரர் கையில் இருந்தது. நாகப்பட்டினத்தை 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1690-இல் சோழமண்டலத் தலைமையிடத்தையே பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை அது அவர்களுடையது. தஞ்சை நாட்டில் 1659 முதல் 1661 வரை போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, ஒரு வேளைச் சோற்றுக்காகத் தன்னையும் பிள்ளைகளையும் விற்ற மக்கள் இந்தத் துறைமுகங்களில் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் போனார்கள். கேப்புக்குப் போன வழி வேறு. பணிக்காலம் முடிந்து தாய்நாடு திரும்பும் கம்பெனி அதிகாரிகள் தம்முடன் அழைத்துவந்த அடிமைகளை ஹாலந்துக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், வழியில் கேப்பில் இறக்கி நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போவார்கள். அப்படிச் சிலர் சிலராக வந்து சேர்ந்தவர்களே மிகுதி.

அங்கே அவர்களுக்குப் புதிய பெயர் வைக்கப்பட்டது. விவிலியப் பெயர், கிரேக்கப் பெயர், சில நேரங்களில் வந்திறங்கிய மாதத்தின் பெயர். அதன்பின்னே ஊர். "ஃபான் பெங்காலன்" என்றால் வங்காளத்தவர், "ஃபான் மலபார்" என்றால் மலபாரிலிருந்து வந்தவர், "ஃபான் கொரமண்டல்" என்றால் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர். நாகப்பட்டினத்தின் பெயரையே சுமந்தவர்களும் உண்டு. கேப்பிலேயே அடிமைத்தாய்க்குப் பிறந்தவர் "ஃபான் டி காப்". அவர்களின் சொந்தப் பெயர் அழிந்தது, ஊரின் பெயர் மட்டும் அடையாளச் சீட்டைப் போலத் தங்கிவிட்டது.

இவை நமக்கு எப்படித் தெரியும் என்று உங்கள் அம்மா கேட்பார். கேப்பில் ஓர் அனாதைகள் மன்றம் இருந்தது. இளம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருவர் இறந்தால் அந்த மன்றத்தார் வீட்டுக்கு வந்து சொத்துப் பட்டியல் எடுப்பார்கள். அறை அறையாக எழுதுவார்கள். முன்கூடத்தில் இத்தனை நாற்காலி, சமையலறையில் இத்தனை செம்புப் பாத்திரம், மதுக்கிடங்கில் இத்தனை பீப்பாய், கொட்டிலில் இத்தனை எருது. அதே தாளில், அதே கையெழுத்தில், அடிமைகளின் பெயரும் ஊரும் இருக்கும். இந்தப் பட்டியல்கள் இன்று எண்மமாக்கப்பட்டு யாரும் படிக்கும்படி இருக்கின்றன. ஒரு பண்ணைக்குத் தன் அடிமைகளின் பெயர் தெரியாது என்று சொல்வது பெரும்பாலும் தேடவில்லை என்பதையே குறிக்கும்.

டர்பன் பேத்தி எழுதியது:

ஒரு சிறு தெளிவு. தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றதும் எல்லோரும் எங்கள் முன்னோரை நினைக்கிறார்கள். நாங்கள் 1860-க்குப் பிறகு நட்டாலுக்குக் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழி. முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. எங்களிடம் பெயர் உண்டு, கோயில் உண்டு, கப்பல் பதிவேட்டில் ஊரும் உண்டு. கேப் பண்ணைகளுக்குப் போனவர்கள் எங்களுக்கு இருநூறு ஆண்டுகள் முன்னவர்கள், அவர்களுக்கு இவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்களின் வழிவந்தோர் இன்று கேப்பின் கலப்பின மக்களிடையே கலந்திருக்கிறார்கள். செப்டம்பர், ஏப்ரல், பிப்ரவரி என்று அங்கே பலருக்குக் குடும்பப் பெயர் இருப்பதைக் கண்டால் ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். இரண்டு வரலாறுகளையும் ஒன்றாக்கிவிடாமல் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் ஒன்றாக்கும்போது காணாமற்போவது அவர்களுடையதுதான்.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழவேற்காடு அவர்களின் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்கள். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் கட்டாயம் போக வேண்டும்" என்றார். அப்பா போகவே வேண்டாம், கேப் டவுனில் சாதாரண விடுதியில் தங்கிக்கொள்ளலாம் என்கிறார். அங்கே வசிப்பவர்கள் யாராவது இன்றைய நிலையைச் சொன்னால் முடிவெடுக்க உதவும்.

மேசைமலை நிழல் எழுதியது:

நான் பதினோரு ஆண்டுகளாக இந்தப் பள்ளத்தாக்கில் விடுதித் துறையில் வேலை செய்கிறேன், எனவே நான் சொல்வதில் என் தொழிலின் சாய்வு இருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அடிமைமுறை 1834 டிசம்பர் 1 அன்று சட்டப்படி முடிந்தது, ஆனால் "பயிற்சிக் காலம்" என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் அதே எசமானரிடமே உழைக்க வேண்டியிருந்தது. உண்மையான விடுதலை 1838 டிசம்பர் 1 அன்றுதான். அப்போது கேப்பும் அடங்கியிருந்த பிரிட்டிஷ் பேரரசு முழுவதிலும் இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுண்டும் உடைமையாளர்களுக்கே போனது, விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசு இல்லை, ஒரு குழி நிலம் இல்லை. 1841-இல் வந்த எசமானர் வேலைக்காரர் சட்டம், வேலையை விட்டு விலகுவதையே குற்றமாக்கியது. போக இடமில்லாதவர்கள் அதே பண்ணையில், அதே குடிசையில் கூலியாட்களாகத் தொடர்ந்தார்கள்.

கூலியில் ஒரு பகுதியாக மதுவையே கொடுக்கும் வழக்கம் இந்தத் திராட்சைப் பண்ணைகளில் இருந்தது. இங்கே அதை "டொப்" என்பார்கள். காலையில் ஒரு குவளை, வேலைக்கு நடுவே சில குவளைகள், மாலையில் இன்னும் கொஞ்சம். விற்க முடியாத மட்டமான மதுவைக் கூலியாகக் கழித்து, குடிக்கு அடிமையான தொழிலாளி வேறிடம் போகாமலும் பார்த்துக்கொண்டார்கள். சட்டம் தடை செய்த பின்னரும் 1990-கள் வரை ஆங்காங்கே நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் இந்த மேற்குக் கேப்பும் ஒன்று. நான் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு நாளும் விருந்தினருக்கு மதுவைச் சுவைக்கக் கொடுக்கிறோம். அந்தக் குவளையைக் கழுவி அடுக்கும் பெண்களில் சிலருடைய தாத்தாக்கள் அந்தக் கூலியைப் பெற்றவர்கள்.

2012 நவம்பரில் டி டூர்ன்ஸ் ஊரில் பண்ணைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அப்போது குறைந்தபட்ச நாட்கூலி 69 ராண்ட். அவர்கள் கேட்டது 150. நெடுஞ்சாலை மறியல், தீவைப்பு, உயிரிழப்பு என்று பல வாரங்கள் நீண்டு, 2013 மார்ச் முதல் கூலி 105 ராண்டாக உயர்ந்தது. இது நடந்து அதிக காலம் ஆகவில்லை.

வீடு பற்றிய சிக்கல் இன்னும் கூர்மையானது. 1997-ஆம் ஆண்டின் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டப்படி, பண்ணை நிலத்தில் பத்தாண்டுகள் வாழ்ந்து அறுபது வயதை எட்டியவரை எளிதில் வெளியேற்ற முடியாது. ஆயினும் திராட்சையைவிட விருந்தினர் அறை அதிக வருமானம் தருகிறது என்று ஆனபின், பழைய தொழிலாளர் குடிசைகளைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. நீங்கள் முன்பதிவு செய்யும் "பாரம்பரியக் குடில்" ஒரு காலத்தில் யாருடைய வீடு, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பண்ணைக்கு அருகிலேயே அவர்களுக்கு நல்ல வீடு கட்டிக் கொடுத்திருந்தால் பெருமையுடன் சொல்வார்கள், கூட்டிச் சென்றும் காட்டுவார்கள்.

போக வேண்டுமா என்றால், போங்கள். எங்கள் வேலை விருந்தினரை நம்பித்தான் இருக்கிறது. கார் கட்டாயம் வேண்டும். பிப்ரவரி அறுவடை மாதம். நல்ல வெயில் இருக்கும், அதிகாலையில் திராட்சை பறிப்பதைப் பார்க்கலாம். பெற்றோர் புலால் உண்ணாதவர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இங்குள்ள பல பண்ணைகளில் காய்கறி அன்றன்று தோட்டத்தில் பறித்தது. ஹெல்ஸ்ஹுஹ்தே கணவாயைக் கடந்ததும் ப்னியெல் என்ற சிற்றூர் வரும். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1843-இல் உருவான ஊர் அது. போஷன்டால் பண்ணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விருந்தினர்கள் எல்லோரும் அதைக் காரில் கடந்து போய்விடுகிறார்கள், நீங்கள் இறங்கி நடந்து பாருங்கள்.

நெடுவழிப்போக்கன் எழுதியது:

நான் மாறுபட்ட கருத்தைச் சொல்ல அனுமதி வேண்டும். பல ஆண்டுகள் உழைத்த பெற்றோர் இருவர் நான்கு நாள் அமைதியாக இருக்கப் போகிறார்கள். அவர்கள் தலையில் முந்நூறு ஆண்டுப் பாவத்தை ஏற்றி அனுப்புவது நியாயமாக எனக்குப் படவில்லை. நம் ஊர் அரண்மனைகளிலும் செட்டிநாட்டு மாளிகைகளிலும் தங்கும்போது கல் சுமந்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இன்றைய உரிமையாளர்களில் பலர் அண்மையில் பண்ணையை வாங்கியவர்கள். பாபிலோன்ஸ்டோரன் பண்ணையை இப்போதைய உரிமையாளர்கள் 2007-இல் வாங்கி, 2010-இல்தான் விடுதியாகத் திறந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட வகை உணவுச் செடிகளும் மூலிகைகளும் வளரும் அந்தத் தோட்டத்தை நான் பார்த்திருக்கிறேன், என் வாழ்நாளில் கண்ட அழகான தோட்டங்களில் அது ஒன்று. கம்பெனிக்காரர் கப்பல்களுக்காகப் போட்ட பழைய காய்கறித் தோட்டத்தின் வழியைப் பின்பற்றியே அதை அமைத்திருக்கிறார்கள். அந்த அழகையும் வேலைவாய்ப்பையும் உருவாக்கியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத் தேவையில்லை.

பழவேற்காடு எழுதியது:

நெடுவழிப்போக்கன் ஐயா, இன்றைய உரிமையாளர்களைக் கூண்டில் நிறுத்த இங்கே யாரும் கேட்கவில்லை. செட்டிநாட்டு மாளிகையிலும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம், அங்கே கேட்காததால் இங்கேயும் கேட்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

விடுதி விற்பது அறையை மட்டுமன்று, பழமையையும் சேர்த்து விற்கிறது. "1692 முதல்" என்று மதுப் புட்டியில் அச்சடிக்கும்போது அந்த ஆண்டுக்கும் சேர்த்தே விலை வாங்குகிறார்கள். அந்த ஆண்டை உரிமை கொண்டாடுகிறவர்கள் அந்த ஆண்டின் ஆட்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வரலாற்றைச் சொல்லாத விடுதியாக இருந்தால் எனக்குக் குறை இல்லை. பாதியை மட்டும் சொல்லும் விடுதியிடம்தான் என் வழக்கு.

சொல்ல முடியும் என்பதற்குச் சான்றும் அங்கேயே இருக்கிறது. ஃப்ரான்ஷூக் பக்கத்தில் சோல்ம்ஸ் டெல்டா என்ற பண்ணையில் 2005-இல் அடிமைகள், தொழிலாளர்கள் ஆகியோரின் பார்வையிலிருந்து பண்ணையின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு "ஃபான் டி காப்" என்றே பெயர் வைத்தார்கள்.

ஃபெர்கெலேகன் பண்ணையையும் சொல்ல வேண்டும். அங்கே தங்க முடியாது, பார்க்க முடியும். ஆளுநர் வில்லெம் அட்ரியான் ஃபான் டெர் ஸ்டெல் 1700-இல் அந்த நிலத்தைத் தனக்கெனப் பெற்றுக்கொண்டு, கம்பெனியின் ஆட்களையும் பொருளையும் வைத்துப் பெரும் பண்ணையாக வளர்த்தார். மற்ற குடியானவர்கள் முறையிட்டதால் 1707-இல் பதவி பறிபோய்த் திருப்பி அழைக்கப்பட்டார். அவர் காலத்தில் நட்ட கற்பூர மரங்கள் இன்றும் வீட்டின் முன் நிற்கின்றன. எல்லா வழிகாட்டிகளும் அந்த மரங்களைக் காட்டுவார்கள். 1990-களையொட்டி அங்கே அடிமைகள் குடியிருந்த கூடத்தை அகழ்ந்தபோது, தரைக்கு அடியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு பெட்டியில் வைத்துப் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டார்கள். வயது ஐம்பது இருக்கலாம். எலும்பையும் பல்லையும் வேதியியல் முறையில் ஆராய்ந்ததில், சிறுவயதில் அவர் வெப்பமண்டல நாடொன்றின் உணவை உண்டு வளர்ந்தவர் என்பதும், பிற்காலத்தில் கடல் உணவு மிகுதியாக உண்டவர் என்பதும் தெரிந்தன. அடிமைகளுக்குக் கேப்பில் மலிவாகப் போடப்பட்ட உணவு மீன்தான். அவர் எந்தக் கரையைச் சேர்ந்தவர் என்று நான் ஊகிக்க மாட்டேன். ஆனால் அந்தக் கற்பூர மரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பெண்ணையும் நினைத்துவிட்டு வர வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மச்சுவீடு எழுதியது:

ஒரு குறிப்பு விட்டுப்போயிற்று. பல பண்ணைகளின் முற்றத்தில், இரண்டு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே ஒரு மணி தொங்கும். திருமணப் படங்களில் அது அடிக்கடி வரும். அடிமைகளை வேலைக்கு எழுப்பவும், உணவுக்கு அழைக்கவும், வேலையை நிறுத்தவும் அடித்த மணி அது. குழந்தைகள் கயிற்றை இழுத்து விளையாடுவதை நான் பார்த்திருக்கிறேன், யாரும் அவர்களுக்குச் சொல்லாததால்தான் விளையாடுகிறார்கள். அங்கே ஒரு சிறு பலகை வைப்பதற்குச் செப்பனிடும் கலைஞன் யாரும் தேவையில்லை.

மேசைமலை நிழல் எழுதியது:

மணியைப் பற்றி மச்சுவீடு சொன்னது சரி. இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பெரும்பாலோர் வெள்ளையரின் மொழி என்றே எண்ணுகிறார்கள். அது பண்ணைச் சமையலறைகளில் அடிமைகள் வாயிலும் உருவான மொழி. ஊறுகாய்க்கு இங்கே "அட்சார்" என்று பெயர். கட்டில் சட்டத்துக்கு "காட்டெல்" என்று பெயர். அகராதிகளைப் பாருங்கள், மலாய்ச் சொல்லான "காட்டில்" வழியாக வந்ததாகவும், மலாய்க்கு அது தமிழிலிருந்து போனதாகவும் எழுதியிருக்கும். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், அறை துப்புரவு செய்யும் மூத்த பெண்மணி ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது, கையிலிருந்த விரிப்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

நேற்று முன்தினம் ஊர் திரும்பினோம். உதவிய அனைவருக்கும் விவரமாக எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் கேப் டவுனில் அடிமைக் கூடத்துக்குச் சென்றோம். 1679-இல் கம்பெனி தன் சொந்த அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டிய கட்டடம், இப்போது அருங்காட்சியகம். பக்கத்துச் சதுக்கத்தில் கருங்கல் கட்டைகளில் அடிமைகளின் பெயர்களைப் பொறித்து 2008-இல் அமைத்த நினைவிடம் இருக்கிறது. அப்பாதான் ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து படித்தார். போக வேண்டாம் என்றவர் அவர். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பண்ணை விடுதி. பெயரைக் குறிப்பிடவில்லை, நல்ல மனிதர்கள் வேலை செய்யும் இடம். இடம் படத்தில் இருந்ததைவிட அழகு. மாலையில் மலை சிவந்து, சுவர்களில் அந்தச் சிவப்பு படிந்து, முற்றம் முழுவதும் காய்ந்த திராட்சை இலையின் மணம் வரும் நேரத்தில் அம்மாவே, "மனசு நிறைஞ்சு இருக்கு, அதனாலதான் கஷ்டமாவும் இருக்கு" என்றார். அதற்குமேல் நான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை விருந்தினருக்கான வரலாற்று நடை. அழைத்துச் சென்ற இளைஞர் அடிமைகள் என்ற சொல்லைத் தவிர்த்து, "பணியாட்கள்" என்றே சொல்லிவந்தார். அம்மா மெதுவாக, சம்பளம் பெற்றார்களா என்று கேட்டார். அவர் ஒரு நொடி தயங்கிவிட்டு இல்லை என்றார். எழுதிக் கொடுத்த குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வேண்டும் என்றார். மற்ற விருந்தினர்கள் காபிக்குப் போனபின் எங்களுடன் அரை மணி நேரம் நின்று பேசினார். அவருடைய குடும்பப் பெயர் ஒரு மாதத்தின் பெயர். அவருடைய பாட்டி ப்னியெலில் இருக்கிறாராம். மாலையில் எங்கள் காரிலேயே வந்து ஊரைச் சுற்றிக் காட்டினார். தேவாலயத்தின் முன் நின்று, பள்ளத்தாக்கின் எந்தெந்தப் பண்ணையிலிருந்து யார் யார் குடும்பம் வந்து குடியேறியது என்று பாட்டி சொல்லக் கேட்டதை வரிசையாகச் சொன்னார். விடுதியின் இணையப் பக்கத்தில் இல்லாத வரலாறு முழுவதும் அவரிடம் இருந்தது.

எங்கள் அறை பழைய தொழிலாளர் குடிசைதான் என்பதையும் அவரே சொன்னார். அங்கே இருந்த குடும்பங்களில் இரண்டு பண்ணையின் மறுபக்கத்துப் புது வீடுகளில் இருக்கின்றன, ஒரு குடும்பம் நகரத்துக்குப் போய்விட்டது, ஏன் போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசி இரவு அப்பா நெடுநேரம் தூங்கவில்லை.

மேசைமலை நிழல் அவர்கள் சொன்ன சொல்லையும் சோதித்தோம். அறைக்கு வந்த பெண்மணியிடம் அப்பா கட்டிலைத் தொட்டுக் காட்டி, "காட்டெல்?" என்றார். அவர் சிரித்து, ஆம், தன் அம்மா அப்படித்தான் சொல்வார் என்றார். அப்பா தன் மார்பைத் தொட்டு, "கட்டில்" என்றார். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

புறப்படும்போது மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். வாசகம் அம்மாவுடையது. குறை சொல்லவில்லை. அனாதைகள் மன்றத்துப் பட்டியல்களில் இந்தப் பண்ணையின் பெயரைத் தேடும்படியும், கிடைக்கும் பெயர்களை வரலாற்றுப் பக்கத்தில் உரிமையாளர் பெயர்களுக்குப் பக்கத்திலேயே இடும்படியும், நடைக்குறிப்பில் "பணியாட்கள்" என்பதை மாற்றும்படியும் கேட்டிருந்தார். மணிக்கூண்டில் ஒரு பலகை வைக்கும்படி மச்சுவீடு அவர்கள் சொன்னதையும் சேர்த்தார். மேலாளர் படித்துவிட்டு, உரிமையாளரிடம் கொடுப்பதாகச் சொன்னார். இன்றுவரை பதில் இல்லை.

பழவேற்காடு எழுதியது:

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பண்ணையின் பெயரை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்க எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. பட்டியல் இருந்தால் நானே தேடி, பெயர்களைப் படியெடுத்துத் தருகிறேன். அவர்கள் தேடும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

மேசைமலை நிழல் எழுதியது:

படியெடுத்ததும் எனக்கும் அனுப்புங்கள். அந்த இளைஞரை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பெயர்கள் முதலில் அவர் கைக்குப் போகட்டும்.